மேலவரின் குரல்

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக்கொதிப்பு, எனக்கு இது. பக்கத்து வீட்டுக்காரி புது மிக்ஸி வாங்கினால், அவள் அரைத்து முடித்த பிறகும் அது என் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பூமியை ஆள வந்த ஒரு வேற்றுலக ஜீவன்மேல், முகம்கூட இல்லாத ஒன்றன்மேல், எனக்கு வயிறு எரியும் என்று நானே நினைத்ததில்லை.

என் ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். கல்லூரியில் தமிழ் படித்தேன். கல்யாணமாகி நீலசந்திராவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்து கன்னட மீடியத்தில் படித்தவர். தமிழில் பேசுவார், திட்டுவார், சினிமாப் பாட்டு முணுமுணுப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராது. எங்கள் கல்யாணப் பத்திரிகையையே நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே வீடியோக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு.

வீட்டில் அவர் பேச்சு மிகவும் குறைவு. கேஸ் வந்ததா, தண்ணீர் வந்ததா, சாவி எங்கே. இதற்குமேல் கேட்டால் ஏதோ நான் கடன் கேட்ட மாதிரி முகம் மாறும். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கை கழுவிக்கொண்டே, "என்கிட்ட ஒரு கதை கீது. சொன்னா எழுதறியா?" என்றார். நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

அப்படி ஆரம்பித்தது. காலையில் கம்பெனி கேப் வரும். ஓசூர் ரோட்டு நெரிசலில் கேப் ஊரும்போது அவர் போனில் கதையைப் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். அவர் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் என் போனுக்கு நாலைந்து துண்டுகள் வந்துவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் தட்டச்சு செய்வேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி ஆன பிறகு, எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் தலையாட்டினால்தான், தொடர்கதைகள் வரும் ஒரு செயலியில் அதை ஏற்றுவேன். அந்த ஒரு மணி நேரம் அவர் எங்கேயும் எழுந்து போக மாட்டார். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

கதை இதுதான். வேற்றுலகத்திலிருந்து மேலவர்கள் வந்துவிட்டார்கள். எப்போது வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் கட்டி முடிக்காமல் விட்ட ஓர் அபார்ட்மெண்டின் உச்சி மாடியில் இருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, வாசலுக்குக் கதவு இல்லை, ஆனாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. யாரையும் கொல்லவில்லை. எதையும் கொண்டுபோகவில்லை. சின்னச் சின்ன உத்தரவுகள் மட்டும் வரும். செவ்வாய்க்கிழமை யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது. மழை பெய்தால் யாரும் ஓடக் கூடாது. ஏன் என்று சொல்ல மாட்டார்கள். மீறினால் என்ன ஆகும் என்றும் தெரியாது, அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் ஊரில் யாருக்கும் வரவில்லை. மனிதர்களோடு பேசத் தெருவுக்கு ஒருவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவன் மாடியேறி ஒரு நீலத் தார்ப்பாய்க்கு முன்னால் நிற்க வேண்டும். அவன் பேசும் பாஷையை அவனிடமிருந்தே மேலவர் கற்றுக்கொள்வார். எங்கள் தெருவிலிருந்து போனவன் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். ஆகவே அந்த மேலவர் அச்சு அசலாக நீலசந்திராத் தமிழ் பேசினார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "ஏங்க, ஆள வந்தவங்க நம்மள மாதிரி பேசினா எவன் பயப்படுவான்? நல்ல தமிழ்ல பேசட்டும்" என்றேன்.

"பயப்பட வாணாம்மா. அவங்க பேசறது புரியும், அவங்க யாருன்னு புரியாது. அதான் கதையே" என்றார்.

தமிழ் படித்தவள் நான், கதை தெரிந்தவர் அவர் என்று ஆகிவிட்டதில் எரிச்சலாக இருந்தது.

மேலவர் பேசும் இடம் வரும்போது வாய்ஸ் மெசேஜில் குரல் மாறும். ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்பது போல் ஒரு கரகரத்த குரல். சுற்றிலும் ஏசி இரைச்சல், ஹாரன். குரலை மாற்றும் ஏதோ ஆப் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாஃப்ட்வேர்காரர், அவருக்குத் தெரியாத ஆப்பா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பாராட்டவும் செய்தேன். "அந்த ஆப் பிரமாதங்க. மனுஷக் குரல் மாதிரியே இல்ல." அவர் "ம்ம்" என்றார். அவருடைய "ம்ம்" எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

மேலவர் கேட்கிற கேள்விகள்தான் வாசகர்களைக் கட்டிப்போட்டன. "நீ ஏன் தெனிக்கும் அதே மாடி ஏற்ற?" என்று கேட்பார். கேன்காரன், "கேன் கேட்டவங்க அந்த மாடிலதானே கீறாங்க" என்பான். "அவங்க எறங்கி வந்தா இன்னா?" என்பார். கேன்காரனுக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்படிப் பேச்சு வளர்ந்து வளர்ந்து அவன் எதையெல்லாமோ சொல்ல ஆரம்பித்துவிடுவான். சின்ன வயதில் மழையில் பள்ளிக்கூட வாசலில் நின்றது, கூட்டிப்போக யாரும் வராதது, வாட்ச்மேன் தன் சாப்பாட்டில் பாதி கொடுத்தது. அதைத் தட்டச்சு செய்யும்போது என் விரல் நின்றது. இது கேன்காரன் கதை இல்லை. இது என் புருஷன் கதை. அவர் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலை எத்தனையோ தடவை அவரோடு கடந்து போயிருக்கிறேன். ஒருநாளும் சொன்னதில்லை.

செயலியில் வாசகர்கள் கொண்டாடினார்கள். "எங்க ஏரியாவுக்கும் ஒரு மேலவர் அனுப்புங்க", "டிராஃபிக் சரியாகும்னா நாளைக்கே வரட்டும்" என்றெல்லாம் எழுதினார்கள். நான் மட்டும் அந்த மேலவரைக் கரித்துக்கொட்டியபடி எழுதினேன். சாமர்த்தியமாக நாலு கேள்வி கேட்டால் மனிதன் மனதைத் திறந்துவிடுவானா? நானும்தான் கேட்கிறேன், சாவி எங்கே என்று பதில் வருகிறது.

பிறகு அந்தத் துண்டு வந்தது. மேலவர் மிகத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க ஊரு பூரா வெளக்கு அணைச்சாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தி, அதே கரகரத்த குரலில், கன்னடத்தில், "அண்ணா, ஸ்வல்ப ஏசி கம்மி மாடி" என்றார்.

டிரைவரின் "ஆய்து மேடம்" தெளிவாகக் கேட்டது.

நான் பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். தொழில் பழக்கம். ஆப் எதுவும் டிரைவரிடம் ஏசியைக் குறைக்கச் சொல்லாது.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். "யாரது?"

"யாரு?"

"மேலவர்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க டீம்ல கீறாங்க. ஆஸ்டின் டவுன்ல ஏறுவாங்க. நா கதை சொல்றதக் கேட்டு ஒருநா அவங்களே பதில் சொன்னாங்க. நல்லா இருந்துச்சு."

"ஆப்புன்னு சொன்னீங்க."

"நீ சொன்ன. நா ஆமான்னு சொன்னனா?"

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கதை முதலில் போய்ச் சேருவது அவளுக்கு. அவள் கேட்கக் கேட்கத்தான் அவர் வாயிலிருந்து வருகிறது. சிந்தாமல் சிதறாமல் எடுத்து எழுதி வைக்கிற வேலை எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை ஒருதரம்கூட "நீ" என்றதில்லை. அவள் தினமும் காலையில், கம்பெனி செலவில், ஏசி காற்றில் உட்கார்ந்து "நீ ஏன் ஏற்ற, நீ ஏன் எறங்கற" என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் அவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். உண்மையில் பையிலிருந்து அதை எடுத்து வைத்தது நான்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்டின் டவுனுக்குக் கேப் வருவதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். பேக்கரி வாசலில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருத்தி ரஸ்க்கை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய தலை. கேப் வந்தது, என் வீட்டுக்காரர் இறங்கி என்னைப் பார்த்து விழித்தார், அவள் ரஸ்க்கை மென்றுகொண்டே, "அக்கா, நீங்கதானா? எம்மாம் அழகா எழுதறீங்களாம்!" என்றாள். அதே கரகரப்பு. என்னைவிடப் பெரியவள் என்னை அக்கா என்கிறாள். கோபப்படக்கூட இடம் கொடுக்காத முகம். அழகியாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். டிபனைக் கொடுத்துவிட்டு வீடு வரை நடந்தே வந்தேன்.

அந்த வாரம் நானாக ஓர் அத்தியாயம் எழுதினேன். கேன்காரனின் மனைவியைப் பற்றி. வேற்றுலகத்தார் ஆள வரும் கதைகளில் மனிதர்கள் எப்போதும் அவர்களோடு மோதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலே இருப்பவனோடு யார் மோதப் போகிறார்கள்? அவனுக்கு நெருக்கமாகப் போனவனைத்தான் தெரு முழுக்கக் கரித்துக்கொட்டும். கேன்காரன் வீட்டுக்குத் தெருவில் பேச்சு நின்றுபோகிறது. காய்க்காரர் அவன் மனைவிக்கு நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிப் போடுகிறார், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேலே சொல்லி எங்கள் தெருவுக்கு இதைச் செய், அதைச் செய் என்று பெண்கள் அவளிடம் வந்து கேட்கிறார்கள். அவளுக்கு மேலே நடப்பது ஒன்றும் தெரியாது. புருஷன் இறங்கி வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறான். ஒருநாள் அவளே மாடியேறிப் போய் அந்தத் தார்ப்பாய்க்கு முன்னால் நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். மேலவர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கி வந்துவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவருக்குப் படித்தேன். முடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணைத் திறந்து, "சூப்பரா கீது. இத மொதல்லயே வெச்சிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். இந்த மனிதருக்கு மண்டையில் உறைக்கவே இல்லை.

வாசகர்களுக்கு உறைத்தது. இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த அத்தியாயம் என்று எழுதினார்கள். இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வந்து, "நீ படிச்சத போன்ல ரெகார்டு பண்ணி வெச்சிருந்தேன், அவங்களுக்கும் கேப்ல போட்டுக் காட்டினேன். உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார்.

"என்னவாம்?"

"அந்தப் பொண்டாட்டி ரொம்பப் பாவமாம்."

பாவமாம்! என்னைப் பார்த்து யார் வேண்டுமானாலும் திமிர் பிடித்தவள் என்று சொல்லட்டும், வாய்க்கொழுப்பு என்று சொல்லட்டும். அவள் என்னைப் பாவம் என்று சொல்ல நான் இடம் கொடுத்துவிட்டேனே. அன்று செய்த ரசத்தில் உப்பே போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார், அதற்கும் கோபம் வந்தது.

பிறகு நான் கேட்காமலே எனக்குச் சாதகமாக ஒன்று நடந்தது. கம்பெனியில் அவர் டீமுக்குக் கேப்பை நிறுத்தி, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளூர அப்படியொரு சந்தோஷம். இனிமேல் ஓசூர் ரோடு கிடையாது, ஆஸ்டின் டவுன் கிடையாது, ரஸ்க் கிடையாது. அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், நடுவில் ஒரே சுவர். கேசரி செய்தேன்.

முதல் வாரம் கதை வரவில்லை. புது ஏற்பாடு, பழகட்டும் என்று விட்டேன். அடுத்த வாரமும் வரவில்லை. வாசகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மேலவர்களே போய்விட்டார்களா என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். போனை எடுப்பார், வைப்பார்.

"இங்கயே சொல்லுங்க, நேரா எழுதிக்கறேன்" என்று லேப்டாப்பைத் திறந்து எதிரில் உட்கார்ந்தேன்.

தொண்டையைச் செருமினார். "கேன்காரன் மாடி ஏறினான்" என்றார். நான் தட்டினேன். அதற்குமேல் வரவில்லை. வியர்த்துவிட்டது அவருக்கு. "மேலவங்க கேக்கணும். அப்பதான் எனக்கு வரும்."

"நான் கேக்கறேன்" என்றேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, "ஏன் இவ்வளோ நேரம்? எங்க போயிருந்த?" என்றேன். அவரை முதல் தடவையாக "நீ" என்ற மாதிரிப் பேசியதில் எனக்கே காது சூடாகியது.

"கேன் போடப் போனேன்."

"யார் வீட்டுல? யாரோட பேசிட்டு இருந்த? எங்கிட்ட மட்டும் ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. "மேலவங்க இப்டி கேக்க மாட்டாங்கம்மா."

"ஏன், மேலவங்களுக்குத் தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா?"

"கேப்பாங்க. ஆனா நா இன்னா சொன்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்கு என்கிட்ட எதுவும் வாணாம். அதனாலதான் அவன் பேசறான்." தரையைப் பார்த்தபடி, "உனக்கு வேணுமே" என்றார்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்து வைத்ததையே எடுத்து மறுபடி தேய்த்தேன். எனக்கு வேண்டும்தான். ஏன் வேண்டாம் என்று நடிக்க வேண்டும்? அவரிடம் ஒன்றும் வேண்டாத ஒருத்தியிடம் அவர் எல்லாவற்றையும் கொட்டுகிறார். எல்லாம் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கேன்காரன் மாடி ஏறுவதோடு முடிந்துபோகிறது. ஒன்றும் வேண்டாதவளாக மாற என்னால் முடியாது. அது என் சுபாவத்திலேயே இல்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அந்த வீட்டின் அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் அவரிடம் போனை நீட்டி, "அவங்களக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "சீக்கிரம் போடுங்க, நான் மனசு மாறறதுக்குள்ள."

மேஜை நடுவில் போனை வைத்தோம். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவள், "அக்கா, நல்லா கீறீங்களா?" என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். கடைசி அத்தியாயம் முடிக்க வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு நிமிசம், அடுப்ப அணைச்சிட்டு வரேன்" என்று போனாள். திரும்பி வந்தவள் மேலவராகத்தான் வந்தாள்.

"நாங்க கெளம்பறோம். இனிமே வர மாட்டோம்."

என் வீட்டுக்காரரின் தோள் தளர்ந்தது. எனக்குப் பக்கவாட்டில் திரும்பி, போனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். குரல் தானாக வந்தது. "ஏன் வந்தீங்க, ஏன் போறீங்க, ஒண்ணுமே சொல்லலியே."

"சொன்னா உனக்கு இன்னா ஆவப்போது? இத்தினி நாளா மாடி ஏறி வந்த. கடசியா ஒண்ணு கேளு. குடுத்துட்டுப் போறோம்."

நான் விரல்களைத் தயாராக வைத்திருந்தேன். பிறகு பேசினார்.

"வூட்ல ஒருத்தி கீறா. இங்க வந்து உங்ககிட்ட நா சொன்னதெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியது. அவ எதிர்ல நின்னா எனக்கு வாய் தெறக்கல. உங்ககிட்ட சொன்னா எப்டியோ அவகிட்ட போய்ச் சேந்துடும்னுதான் தெனிக்கும் ஏறி வந்தேன். நீங்க போய்ட்டா நா யார்கிட்ட பேசி அவளுக்குச் சொல்லுவேன்?"

கண்ணீர் மறைத்தது, எழுத்துகள் தெரியவில்லை. தெரியாமலே தட்டினேன். இத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பேசுகிறார். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆஸ்டின் டவுனில் அடுப்பங்கரையில் நிற்கிற ஒருத்தியிடம் சொல்கிறார். இந்த நிமிஷத்திலும் எனக்கு அவள்மேல் வயிறு எரிந்தது.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. "கீறா" என்றால் "கீறா" என்றே அடித்தேன்.

"அக்கா," என்றாள் அவள், தன் சொந்தக் குரலில், மெதுவாக. "எழுதிட்டீங்களா?"

அவர் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டேன்" என்றேன்.